குளிரைப் பாக்கத்தான் கனடா போகணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்புல வந்த கனடா சுற்றுலா கட்டுரையை படிச்சதுல இருந்து மனசு ஆறல, அதான் உக்காந்து இதை அடிக்கறேன். ஃபோன்லயே டைப் பண்றதால பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க. எழுதினவர் மேல எனக்கு கோபம்லாம் இல்ல, படங்கள் எல்லாம் நல்லாவே இருந்துச்சு. ஆனா கடைசில கட்டம் கட்டி ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கடும் குளிர், அந்த மாசங்கள்ல போகாதீங்கன்னு, அங்கதான் சுருக்குன்னுச்சு. குளிரை தவிர்த்துட்டு கனடா போயிட்டு வர்றது, கல்யாணத்துக்கு போய் பொண்ணு மாப்பிள்ளையை எட்டிக்கூட பாக்காம நேரா பந்தில உக்காந்து சாப்ட்டுட்டு வர்ற கதைதான்.

நான் எழுத்தாளர்லாம் கிடையாது. பையன் கனடா நடுவுல இருக்கற வின்னிபெக் ஊர்ல வேலை பாக்கறான், அவன் புண்ணியத்துல நானும் எங்க வீட்டுக்காரரும் மூணு தடவை போயிட்டு வந்திருக்கோம். முதல் தடவை ஜூலைல. டொராண்டோ, நயாகரா, பான்ஃப், அப்படியே உங்க கட்டுரைல இருந்த லிஸ்டுதான். நல்லா இல்லைன்னு சொல்ல மாட்டேன். பான்ஃப் மலைல லேக் லூயிஸ்னு ஒரு ஏரி, அந்த தண்ணி இருக்கே, அந்த நீலப்பச்சை, யாரோ சாயம் கரைச்சு ஊத்தின மாதிரி (பனிப்பாறை மலையை அரைச்சு அரைச்சு மாவாக்கின கல்லுதான் தண்ணில மிதந்து அந்த கலரை குடுக்குதாம்), அதெல்லாம் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆனா ஊர் திரும்பினப்புறம் யாராச்சும் கனடா எப்படின்னு கேட்டா, எடுத்து காட்ட ஃபோட்டோ இருந்துச்சு, சொல்ல கதை இல்ல. ரெண்டாவது தடவை பேத்தி பொறந்ததால ஜனவரில போயே ஆகணும், வேற வழியில்லாமத்தான் போனோம். அதுல இருந்து பேச ஆரம்பிச்சவ இன்னும் வாயை மூடலைன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.

வின்னிபெக் ஏர்போர்ட் கதவு திறந்து வெளில கால் வெச்சப்ப மைனஸ் 31 டிகிரி. நானும் பயந்து பயந்துதான் வெச்சேன். ஐஸ் பெட்டிக்குள்ள தலையை விட்ட மாதிரி இருக்கும்னு நெனச்சிருந்தேன், அப்படி இல்லவே இல்ல. முதல் மூச்சு இழுத்ததும் மூக்குக்குள்ள பொடிப்பொடியா ஏதோ குத்துச்சு, என்னடான்னு பாத்தா மூக்குமுடி உறைஞ்சு போச்சு! பையன் சிரிக்கறான். ஈரமே இல்லாத குளிர் அது, உடம்புக்குள்ள ஊறி வெடவெடன்னு ஆட்டாது, மேல இருந்து ஒரு அறை அறையும், துணியால மூடின இடத்தை ஒண்ணும் பண்ணாது. மைனஸ் 40 வந்துட்டா செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒண்ணாயிடும், எந்த கணக்குல சொன்னாலும் அதே 40தான், அதை அங்க இருக்கறவங்க ஏதோ சொந்த ஊர் பெருமை மாதிரி சொல்றாங்க.

அப்புறம் சத்தம். பனில நடந்தா சத்தம் வரும்னே எனக்கு தெரியாது. பூஜ்யத்துகிட்ட இருக்கறப்ப கால் பொதக்குன்னு போகும், சத்தம் இருக்காது, ஆனா மைனஸ் 10, 15க்கு கீழ போனதும் செருப்பு வைக்கற ஒவ்வொரு தடவையும் கிறீச்சுனு ஒரு சத்தம், உப்பு மூட்டை மேல நடக்கற மாதிரி. குளிர் ஏற ஏற அந்த சத்தமும் கூர்மையாகுது. ஒரு வாரத்துல எங்க வீட்டுக்காரர் வாசல்ல நாலடி நடந்துட்டு இன்னிக்கி மைனஸ் 20க்கு கம்மின்னு சொல்ற அளவுக்கு தேறிட்டார், பாதி நாள் சரியாவும் இருந்துச்சு.

இன்னொண்ணு, காருக்கு பிளக். எல்லா காரோட முன்னாடியும் ஒரு ஒயர் பிளக்கோட தொங்குது, நான் முதல்ல எல்லாமே எலெக்ட்ரிக் கார் போலன்னு நெனச்சுட்டேன். அது பிளாக் ஹீட்டராம், ராத்திரில இஞ்சினை கதகதப்பா வெச்சிருக்கணும் இல்லாட்டி ஆயில் கெட்டியாகி காலைல வண்டி கிளம்பாது. ஆபீஸ் பார்க்கிங்லயும் வரிசையா பிளக் பாயிண்ட் இருக்கு, வண்டியை நிறுத்தினதும் ஃபோனை சார்ஜ்ல போடற மாதிரி காரை சொருகிட்டு போறாங்க. ஒரு ஊரே குளிரோட எப்படி ஒப்பந்தம் போட்டு வாழுதுன்னு இந்த மாதிரி சின்ன சின்ன விஷயத்துலதான் தெரியுது, இதெல்லாம் ஜூலைல போனா எங்க பாக்கறது.

குளிர்காலம்னா எல்லாரும் கதவை சாத்திட்டு உள்ளயே கிடப்பாங்கன்னு உங்க கட்டுரைல ஒரு தொனி இருந்துச்சு, அது சுத்தமா தப்பு. வின்னிபெக்ல ரெண்டு ஆறு சேர்ற இடம் ஃபோர்க்ஸ், ஆறு உறைஞ்சதும் அதையே சுத்தம் பண்ணி பாதை போட்டுடறாங்க, மேல ஸ்கேட்டிங் போறவங்க, நடக்கறவங்க, நாயை கூட்டிட்டு ஓடறவங்க, குழந்தையை ஸ்லெட்ல வெச்சு இழுக்கறவங்க. நடுநடுவுல குளிர் காய சின்ன சின்ன குடில், வருஷா வருஷம் போட்டி வெச்சு ஆர்க்கிடெக்ட்டுங்க டிசைன் பண்ணினது, அதை பாக்கறதுக்கே தனியா ஒரு நாள் ஆகும். கியூபெக் சிட்டில ஒரு சறுக்குமரம் இருக்கு, 1884ல இருந்து குளிர்காலத்துல டஃபரின் டெரஸ்ல அந்த பெரிய ஷாத்தோ ஃப்ரான்டெனாக் ஹோட்டல் முன்னாடி மர வண்டில உக்கார வெச்சு தள்ளி விடறாங்க. அதே ஊருக்கு பக்கத்துல ஐஸ்லயே ஒரு ஹோட்டல் கட்டறாங்க, கட்டிலும் ஐஸ், குடிக்கற கிளாசும் ஐஸ், வசந்தம் வந்தா கரைஞ்சு போயிடும், அடுத்த வருஷம் மறுபடி முதல்ல இருந்து. 2001ல இருந்து இதே வேலைதான். அங்க தங்க நமக்கு தைரியம் வரல, போய் பாத்துட்டு வரலாம்.

நயாகராவுக்கே வருவோமே. கோடைல போனா படகு உண்டு, கூட்டமும் உண்டு, ரெயின்கோட் மாட்டிக்கிட்டு நனைஞ்சுட்டு வருவீங்க. குளிர்ல படகு கிடையாது, ஆனா அருவில இருந்து எழும்பற சாரல் பக்கத்துல இருக்கற மரம், கம்பி, விளக்குக் கம்பம் எல்லாத்து மேலயும் படிஞ்சு உறைஞ்சு கண்ணாடி மரமா நிக்குது. முன்னாடிலாம் அருவிக்கு கீழ ஆத்து மேல ஐஸ் கட்டி கட்டியா சேர்ந்து பாலம் மாதிரி ஆயிடுமாம், ஜனங்க அது மேல நடந்து போய் கடை போட்டு வியாபாரமே பண்ணிருக்காங்க, 1912 பிப்ரவரில அது உடைஞ்சு 3 பேர் செத்ததுக்கப்புறம்தான் யாரும் போகக்கூடாதுன்னு நிறுத்தினாங்க. இந்த கதையை உங்க கட்டுரைல போட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

அடுத்தது தூரம். இதுலதான் எனக்கு இன்னும் பெரிய சண்டை. 10 நாள்ல டொராண்டோ, நயாகரா, மான்ட்ரியல், பான்ஃப், வான்கூவர்னு ஒரு பட்டியல், நடுவுல எல்லாம் ஃபிளைட். அது எப்படி இருக்கும்னு எங்களுக்கு தெரியும், முதல் தடவை ஒரு டூர் கம்பெனி எங்களை அப்படித்தான் கூட்டிட்டு போச்சு, பேர் வேணாம், பாதி நாள் ஏர்போர்ட்ல செக்யூரிட்டி வரிசைல நின்னதுதான் ஞாபகம் இருக்கு. பான்ஃப்ல ரெண்டு மணி நேரம் இறக்கி விட்டுட்டு பஸ் ஹாரன் அடிச்சாங்க. அந்த நாடு ஏறக்குறைய 1 கோடி சதுர கிலோமீட்டர், ரஷ்யாவுக்கு அடுத்தபடியா உலகத்துலயே பெரிசு, அதுல மொத்தமே 4 கோடி சொச்சம் ஜனம், அதுலயும் முக்காவாசி பேர் தெற்கு ஓரமா அமெரிக்க பார்டரை ஒட்டி வரிசையா குடியிருக்காங்க. ஆறு டைம் ஸோன். அதுல நியூஃபவுண்ட்லாண்ட் மட்டும் வீம்புக்கு அரை மணி வித்தியாசம் வெச்சிருக்கு. அந்த கிழக்கு ஓரத்து செயின்ட் ஜான்ஸ்ல இருந்து பாத்தா லண்டன் பக்கம், சொந்த நாட்டு வான்கூவர்தான் தூரம்! டொராண்டோல இருந்து காரை எடுத்து மேற்க ஓட்டினா ரெண்டு முழு நாள் ஓட்டினப்புறமும் இன்னும் ஒன்டாரியோ மாகாணத்துக்குள்ளயே இருப்பீங்க, பையன் ஒரு தடவை ஓட்டிட்டு வந்து சொன்னான், மரம், ஏரி, பாறை, மறுபடி மரம், ஏரி, பாறை, நடுவுல மூஸ்ங்கற பெரிய மான் வரும் ஜாக்கிரதைன்னு போர்டு, அவ்ளோதான்ம்மான்னு. கேக்க போர் மாதிரி இருக்கும். ஆனா அவன் அதை சொன்ன விதம் போர் அடிச்சவன் சொல்ற மாதிரி இல்ல.

இந்த தூரத்தை ஃபிளைட்ல தாண்டிட்டா நாடே மறைஞ்சு போயிடுது, மேகத்தைதான் பாப்பீங்க. ரயில்ல போங்க. டொராண்டோல இருந்து வான்கூவருக்கு தி கனேடியன்னு ஒரு ரயில், 4,466 கிமீ, நாலு ராத்திரி. பெட்டிகள் எல்லாம் 1955ல வந்த துருப்பிடிக்காத ஸ்டீல் பெட்டிங்க, மேல மாடி மாதிரி கண்ணாடிக் கூரை வெச்ச இடம் இருக்கு, அங்க உக்காந்தா நாலு பக்கமும் தெரியும். நேரத்துக்கு போய் சேரணும்னு நெனக்கறவங்க அதுல ஏறவே கூடாது, ஏன்னா தண்டவாளம் முக்காவாசி சரக்கு ரயில் கம்பெனியோடது, ரெண்டு மூணு கிலோமீட்டர் நீளத்துக்கு சரக்கு வண்டி வந்தா பயணிகள் வண்டிதான் ஓரமா ஒதுங்கி நிக்கணும். மணிக்கணக்குல லேட்டாகறது சகஜம். அப்படி நடுக்காட்டுல நிக்கறப்ப ஜன்னல் வெளில ஓநாய் தடம் இருக்கான்னு தேடிட்டு இருக்கலாம்.

எங்க கதை வேற ரயில். மூணாவது தடவை மார்ச்ல போனப்ப வின்னிபெக்ல இருந்து சர்ச்சிலுக்கு போனோம். சர்ச்சில்னு ஒரு ஊர் இருக்குன்னு உங்க வாசகர்கள்ல எத்தனை பேருக்கு தெரியும்னு தெரியல. ஹட்சன் விரிகுடா கரைல இருக்கு, ஜனத்தொகை 900 கூட இல்ல, ரோடே கிடையாது. ரயில்ல போகணும் இல்லாட்டி விமானம். சுமார் 1,700 கிமீ, ரெண்டு ராத்திரி, வாரத்துக்கு ரெண்டே வண்டி. ஏன் இவ்ளோ மெதுவா போகுதுன்னா, வடக்க போகப்போக தரைக்கு கீழ நிரந்தரமா உறைஞ்ச மண்ணு, மேல சதுப்பு, கோடைல மேல்மண் இளகினா தண்டவாளம் நெளியும், அதனால வேகமா ஓட்ட முடியாது. 2017 மே மாசம் வெள்ளம் வந்து தண்டவாளம் பல இடத்துல அடிச்சுட்டு போயிடுச்சு, ஒன்றரை வருஷம் ரயிலே இல்ல, பால் பாக்கெட்ல இருந்து முக்காவாசி சாமான் விமானத்துலதான் வந்திருக்கு, விலை எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

முதல் நாள் ஜன்னல்ல ஒண்ணுமே இல்ல, தட்டையான வெள்ளை வயல், தானியம் சேமிக்கற உயரமான கட்டிடம் எப்பவாச்சும் ஒண்ணு. எங்க வீட்டுக்காரர் இதுக்கா இவ்ளோ காசு குடுத்தோம்ங்கற மாதிரி என்னை பாத்தார். ராத்திரி போய் காலைல எழுந்தா காடு, பனி பாரம் தாங்காம தலை குனிஞ்ச ஸ்ப்ரூஸ் மரம். மதியம் மரம் கொஞ்சம் குட்டையாச்சு. சாயங்காலம் இன்னும் குட்டை. அடுத்த நாள் காலைல கண்ணு முழிச்சா என் இடுப்பு உயரத்துக்குதான் நிக்குது, அதுலயும் ஒரு பக்கம் மட்டும் கிளை, காத்து அடிக்கற பக்கம் மொட்டை, கொடி பிடிச்சுட்டு நிக்கற மாதிரி. அதுக்கப்புறம் மரமே இல்ல. ரெண்டு நாள்ல மரம்ங்கற ஜீவன் எப்படி கொஞ்சம் கொஞ்சமா குளிர்கிட்ட தோத்துப்போகுதுன்னு பூராத்தையும் ஜன்னல் வழியா பாத்தோம். தண்டவாளம் ஓரமா பழைய தந்திக் கம்பம் எல்லாம் முக்காலி மாதிரி மூணு கால்ல நிக்குது, ஏன்னா உறைஞ்ச மண்ணுல குழி தோண்டி ஒத்தை கம்பம் நட்டா மண்ணு அசைஞ்சு வெளில தள்ளிடுமாம். எங்க பெட்டில டூரிஸ்ட் கொஞ்சம் பேர்தான், மீதி எல்லாம் வின்னிபெக்ல ஆஸ்பத்திரிக்கு போயிட்டு, சாமான் வாங்கிட்டு ஊர் திரும்பறவங்க. க்ரீங்கற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டி பக்கத்து சீட், பேத்திக்கு வாங்கின பூட்ஸை எடுத்து காட்டினாங்க, நான் என் பேத்தி ஃபோட்டோவை காட்டினேன், மொழி பெரிசா தேவைப்படல.

சர்ச்சில்னா வெள்ளைக்கரடி. அதுக்கு அக்டோபர் கடைசி, நவம்பர்ல போகணும், விரிகுடா எப்ப உறையும், எப்ப ஐஸ் மேல போய் சீல்ங்கற கடல்நாயை பிடிக்கலாம்னு பட்டினியா கரைல காத்துட்டு இருக்கும் கரடிங்க. ஊருக்குள்ள வந்துட்டா பிடிச்சு வைக்க தனியா ஒரு ஜெயிலே வெச்சிருக்காங்க, அப்புறம் ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு போய் தூரமா விட்டுடுவாங்க. யாராவது துரத்தப்பட்டா ஓடி வந்து ஏறிக்கட்டும்னு ஜனங்க கார் கதவை பூட்டறதில்ல. ஹாலோவீன் ராத்திரி குழந்தைங்க மிட்டாய் கேட்டு வீடு வீடா போறப்ப கரடி வராம ஊரை சுத்தி ரோந்து போறாங்க. நாங்க மார்ச்ல போனதால ஒரு கரடியைக்கூட பாக்கல. இதை சொன்னதும் எல்லார் மூஞ்சியும் தொங்கிடுது. அடடா அவ்ளோ தூரம் போயிட்டு கரடி பாக்கலையாங்கறாங்க.

நாங்க பாத்தது வேற. உறைஞ்ச கடல் மேல நின்னோம். கடல்னா அலை அடிக்கணும், சத்தம் வரணும், உப்பு வாசனை வரணும், இது ஒண்ணுமே இல்லாம தொடுவானம் வரைக்கும் வெள்ளையா அசையாம கிடக்கு, அது கடல்னு உடம்பு நம்பவே மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் குனிஞ்சு கையுறையோட தட்டிப்பாத்தார். அன்னிக்கு சூரியனுக்கு ரெண்டு பக்கமும் குட்டி சூரியன் மாதிரி ரெண்டு வெளிச்சம், சன் டாக்குன்னு சொல்றாங்க, காத்துல மிதக்கற ஐஸ் துகள்ல வெளிச்சம் வளைஞ்சு அப்படி தெரியுது. மூணு சூரியன், உறைஞ்ச கடல், பேச்சே வரல.

ராத்திரி அரோரா, அதான் வடக்கு வானத்துல தெரியற துருவ ஒளி. இதைப்பத்தி உண்மையை சொல்லிடறேன், ஏன்னா இன்டர்நெட்ல பாக்கற படத்தை நம்பி போனா முதல் பத்து நிமிஷம் ஏமாந்த மாதிரி இருக்கும். கேமரா நிறைய நேரம் திறந்து வெச்சு வெளிச்சத்தை சேத்து எடுக்கும், நம்ம கண்ணுக்கு லேசான அரோரா சாம்பல் வெள்ளை மேகம் மாதிரிதான் இருக்கும். நாங்களும் மேகம்னுதான் நெனச்சோம். அப்புறம் அந்த மேகம் நகர ஆரம்பிச்சுது. காத்து இல்ல, ஆனா அது திரைச்சீலை மாதிரி மடிஞ்சு விரியுது, பச்சை ஏறுது, கீழ் ஓரத்துல ஒரு நூல் அளவுக்கு ரோஸ் கலர் ஓடுது. 100 கிமீக்கு மேல சூரியன்ல இருந்து வர்ற துகள் ஆக்ஸிஜன்ல மோதறதாலதான் பச்சைன்னு விளக்கம் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் போனேன், அந்த நேரத்துல விளக்கம் எதுவும் கைகுடுக்கல. மைனஸ் 28ல ஒண்ணேமுக்கா மணி நேரம் நின்னிருக்கோம், மணியை பாத்தப்பதான் தெரிஞ்சுது.

இங்கதான் உங்க கட்டத்துல போட்ட வரி நேரா இடிக்குது. கோடைல வடக்க ராத்திரியே சரியா இருட்டாது, அரோரா இருந்தாலும் கண்ணுக்கு தெரியாது. குளிர்கால ராத்திரி நீளம். மேகம் இருந்தா தரையோட சூடு வெளில போகாம போர்வை மாதிரி தடுக்கும், மேகம் இல்லாட்டிதான் குளிர் ஏறும், அதாவது ரொம்ப குளிர்ற ராத்திரிதான் வானம் சுத்தமா இருக்கற ராத்திரி. குளிர் வேணாம், அரோரா மட்டும் வேணும்னா எப்படி. ரயில்ல ரெண்டு நாள் உக்கார முடியாதவங்க யெல்லோநைஃபுக்கு விமானத்துல போகலாம், அரோரா அடிக்கடி வர்ற வளையம்னு வானத்துல ஒண்ணு இருக்கு, அதுக்கு நேர் கீழ இருக்கற ஊர். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்ல அங்க ஓரளவு குளிர்தான், ராத்திரியும் இருட்டும், ஏரி உறையாம இருக்கறதால தண்ணிலயும் தெரியும்னு சொல்றாங்க, வயசானவங்களுக்கு அது நல்ல நேரம். அந்த ஊர் ஓரத்து கிரேட் ஸ்லேவ் ஏரி 614 மீட்டர் ஆழம், வட அமெரிக்காவுலயே ஆழமான ஏரி, குளிர்ல அது மேலயே ரோடு போடறாங்க. பக்கத்து டெட்டா கிராமத்துக்கு தரை வழியா சுத்தி போனா 27 கிமீ, ஐஸ் வழியா ஆறரை கிமீதான். இன்னும் வடக்க வைரச் சுரங்கங்களுக்கு சாமான் கொண்டு போக பெரும்பாலும் ஏரிங்க மேலயே 400 கிமீ ஐஸ் ரோடு வருஷா வருஷம் புதுசா போடறாங்க, லோடு ஏத்தின லாரி மெதுவாத்தான் ஊர்ந்து போகணும், வேகமா போனா ஐஸுக்கு அடில தண்ணில அலை கிளம்பி மேல இருக்கற ஐஸையே உடைச்சுடும்.

இதெல்லாம் எப்பவும் இருக்கும், நிதானமா போய்க்கலாம்னு நெனக்காதீங்க. ஆட்டவால ரிடோ கால்வாய் உறைஞ்சதும் 7.8 கிமீக்கு ஸ்கேட்டிங் பாதை திறப்பாங்க, ஆபீஸ் போறவங்க பையை முதுகுல மாட்டிட்டு அது மேலயே வேலைக்கு போவாங்க. 50 வருஷத்துக்கும் மேல நடந்தது, 2022-23 குளிர்காலத்துல ஐஸ் போதுமான அளவுக்கு கெட்டியாகாம ஒரு நாள்கூட திறக்கல. அடுத்த வருஷம் சில நாள்தான். சர்ச்சில் பக்கத்து கரடிக் கூட்டத்தை 2016ல எண்ணினப்ப 842 இருந்துச்சு, 2021ல 618. ஐஸ் லேட்டா வந்து சீக்கிரம் போனா அதுங்க சாப்பிடற நாள் குறையுது. இவ்ளோ தூரம் ஃபிளைட் ஏறி போற நாமளும் அதுல ஒரு பங்குதான், அதை மறைச்சுட்டு பேசறது சரியில்ல, எனக்கே அது உறுத்தற விஷயம்தான். அதுக்காகவாவது மூணு தடவை அவசரமா போறதுக்கு பதிலா ஒரு தடவை நிதானமா போங்கன்னு சொல்லுவேன்.

அப்புறம் ஆளே இல்லாத வெறும் நிலம்னு கட்டுரைல ஒரு வார்த்தை. அந்த க்ரீ பாட்டி படிச்சா என்ன நெனப்பாங்க. இனுயிட், டெனே, க்ரீ ஜனங்க ஆயிரக்கணக்கான வருஷமா இருக்கற இடம் அது. 1999ல நுனாவுட்னு இனுயிட் ஜனங்களுக்குன்னே தனிப் பிரதேசம் பிரிச்சாங்க, அங்க ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடே இல்ல. அவங்க குழந்தைகளை பிடுங்கிட்டு போய் ஹாஸ்டல் ஸ்கூல்ல அடைச்சு தாய்மொழி பேசினா அடிச்ச கொடுமை 1990கள் வரைக்கும் நடந்திருக்கு, இப்ப வருஷா வருஷம் செப்டம்பர் 30 அதை நெனச்சுக்கற நாள். வின்னிபெக்ல மனித உரிமை அருங்காட்சியகம் இருக்கு, கவுமஜுக்னு இனுயிட் கலைக்கூடம் 2021ல திறந்திருக்காங்க, ரெண்டையும் பாக்காம வின்னிபெக்கை தாண்டாதீங்க. கல்லுல செதுக்கின கரடி ஒண்ணு, ஒத்தைக் கால்ல டான்ஸ் ஆடுது, நான் கரடி பாத்தேன்னு சொன்னா அதைத்தான் சொல்றேன்.

பயமுறுத்தறதுக்கு பதிலா எப்படி போகணும்னு எழுதுங்க. ஒரே ஒரு தடி கோட்டு போட்டுட்டு போனா பிரயோஜனம் இல்ல, அடுக்கடுக்கா போடணும். உள்ள மெரினோ கம்பளி, நடுவுல ஃப்ளீஸ், மேல காத்து நுழையாத ஜாக்கெட். பருத்தி கூடவே கூடாது, வேர்வையை உறிஞ்சு வெச்சுக்கிட்டு உடம்பை ஜில்லுனு ஆக்கிடும். கையுறைல விரல் விரலா இருக்கறதைவிட நாலு விரலும் சேந்து இருக்கற மிட்டன்தான் சூடு. காத்தையும் சேத்து கணக்கு பண்ற விண்ட் சில்லைத்தான் பாக்கணும், அது மைனஸ் 40 ஆனா மூடாத தோல் பத்து நிமிஷத்துக்குள்ள விறைச்சு புண்ணாயிடும். ஃபோனை உள்பாக்கெட்ல உடம்போட ஒட்டி வெச்சுக்கோங்க, எனக்கு 60 சதவீதம் சார்ஜ் இருந்த ஃபோன் அரோராவை பாத்ததும் பட்டுனு செத்துப்போச்சு. கேமராவை ஜிப் கவர்ல போட்டு மூடினப்புறம்தான் வீட்டுக்குள்ள கொண்டு வரணும், இல்லாட்டி உள்ள எல்லாம் நீர் கோத்துக்கும். வீட்டுக்குள்ள ஹீட்டர் போட்டு காத்து அவ்ளோ காஞ்சு போயிருக்கும், கதவு கைப்பிடியை தொட்டா ஷாக், பேத்தியை தொட்டா ஷாக், கம்பளில இருந்து தலையை எடுத்தா முடி எல்லாம் எழுந்து நிக்கும்.

காசு விஷயத்துல, வடக்கு மலிவு கிடையாது, ஒளிக்க மாட்டேன். விசிட்டர் விசா 100 கனடா டாலர், கைரேகைக்கு 85 டாலர். கடைல போட்டிருக்கற விலைல வரி சேராது, பில் போடறப்பதான் ஏறும், ஆல்பெர்ட்டால 5 சதவீதம், ஒன்டாரியோல 13, சாப்பிட்ட இடத்துல 15ல இருந்து 20 சதவீதம் டிப்ஸ் வேற. ஒரு சென்ட் காசு 2013லயே நிறுத்திட்டாங்க, கைக்காசா குடுத்தா அஞ்சு சென்டுக்கு ரவுண்டு பண்ணிடுவாங்க. ஆஸ்பத்திரிக்கு போனா விசிட்டருக்கு இலவசம் கிடையாது, பிள்ளைங்க கூப்பிட்டு சூப்பர் விசால போற அப்பா அம்மாவுக்கு 1 லட்சம் டாலருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தே ஆகணும், சாதா விசால போனாலும் இன்ஷூரன்ஸ் இல்லாம கிளம்பாதீங்க. எனக்கு குளிரால ஒண்ணும் ஆகல, ஒரு சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்ல கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்த கருப்பு ஐஸ்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சு, மூணு வாரம் பேத்தியை தூக்க முடியல. பென்குயின் மாதிரி அகட்டி அகட்டி நடக்கணும்னு பையன் முதல் நாளே சொல்லிக் குடுத்தான், நான்தான் கேக்கல. முட்டி ஆபரேஷன் பண்ணவங்க, ஆஸ்துமா இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, வீம்புக்கு போக வேணாம்.

ஆசிரியர் ஐயா, என் வேண்டுகோள் ஒண்ணுதான். அடுத்த ஞாயிறு இணைப்புல ஒரு மூலைல சின்னதா ஒரு திருத்தம் போடுங்க. வெள்ளைக்கரடி வேணும்னா அக்டோபர் கடைசி, நவம்பர். அரோராவுக்கும் உறைஞ்ச கடலுக்கும் பிப்ரவரி, மார்ச். சர்ச்சில் ஆத்துக்குள்ள ஆயிரக்கணக்குல வர்ற பெலுகா திமிங்கலம் பாக்கணும்னா ஜூலை, ஆகஸ்ட், அதுவும் அழகுதான், அதை மட்டும் நான் இன்னும் பாக்கல. எங்க வீட்டுக்காரர் நாலாவது தடவைக்கு இப்பவே ரயில் டிக்கெட் விலை பாத்துட்டு இருக்கார், எந்த மாசம்னு மட்டும் எங்களுக்குள்ள சண்டை நடக்குது. அவருக்கு பெலுகா. எனக்கு மறுபடியும் அந்த கிறீச் சத்தம் கேக்கணும்.

இப்படிக்கு,
உங்க ஞாயிறு இணைப்பை ஒரு வாரம் விடாம படிக்கற ஒரு வாசகி